கைராசிக்காரி

அன்பரசி தொட்டால் குழாய் கெடாது என்று அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் நம்பினார்கள். நம்பியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. வேதியியலில் முப்பது வருடம் குப்பை கொட்டிய முனைவர் சுந்தரவல்லியே நம்பினார். "சயின்ஸ்ல கைராசின்னு ஒண்ணும் கிடையாது" என்று முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "அந்தப் புது ஃபர்னஸை அன்பரசி கையால ஆன் பண்ணச் சொல்லுங்கோ" என்று இரண்டாவது வாக்கியத்தில் சொல்லக்கூடியவர் அவர். ஆய்வக உதவியாளர் உலகநாதன் இன்னும் ஒரு படி மேலே போய், மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகும்முன் அவளுடைய பேனாவை அன்பரசி கையில் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். மகள் தேறிவிட்டாள். அதற்கப்புறம் அவரிடம் யார் என்ன பேச முடியும்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையில், சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது அந்தத் தனியார் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஒரு கூடத்தில் வாயுக்களைப் பிரிக்கும் சவ்வு செய்துகொண்டிருந்தார்கள். சாண எரிவாயுவில் நெருப்புப் பிடிப்பது மீத்தேன் மட்டும்தான். பத்தில் நான்கு பங்கு கார்பன் டையாக்சைடு. அது ஒரு வேலையும் செய்யாமல் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். அதை வெளியேற்றிவிட்டால் மீதி மீத்தேனை உருளையில் அடைத்து வண்டியே ஓட்டலாம். வெளியேற்ற ஒரு சல்லடை வேண்டும். ஜியோலைட் என்கிற படிகம்தான் அந்தச் சல்லடை. அதன் துளைக்குள் ஒல்லியான கார்பன் டையாக்சைடு புகுந்து போய்விடும். கொஞ்சம் பருமனான மீத்தேன் வாசலிலேயே நின்றுவிடும்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குப் பேஜாரு. விரல் தடிமனில் ஒரு வெள்ளைப் பீங்கான் குழாய். அதன்மேல் ஜியோலைட் விதைத்தூளை விரலால் தடவ வேண்டும், நெற்றியில் திருநீறு பூசுகிற மாதிரி, திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராக. பிறகு குழாயை 'லைனர்' என்று அவர்கள் சொல்லும் டெஃப்லான் குடுவைக்குள் நிறுத்தி, கரைசலை ஊற்றி, குடுவையை எஃகுக் கூட்டுக்குள் வைத்துத் திருகி, மூன்று நாள் அடுப்பில் வேகவைக்க வேண்டும். குழாயின் மேல் படிகங்கள் முளைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு தோலாகும். அந்தத் தோலில் எங்காவது கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தால் போதும், வாயு எல்லாம் அந்த வழியாகக் கும்பலாகப் போய்விடும். மூன்று நாள் உழைப்பு குப்பைக்கூடைக்கு.

இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. குழாயின் ஒரு பக்கம் நைட்ரஜனை அழுத்துவார்கள். மறுபக்கம் ஒரு கண்ணாடிக் குழலில் சோப்புக் குமிழி. சவ்வு நல்லதென்றால் குமிழி இருந்த இடத்திலேயே நிற்கும். ஓட்டை என்றால் விறுவிறுவென்று மேலே ஏறும். அன்பரசி செய்த குழாய்களில் பத்துக்கு ஒன்பதில் குமிழி நின்றது. இதே வேலையைச் செய்கிற வேறு கூடங்களில் பத்துக்கு நான்கு நின்றால் இனிப்பு வாங்கிக் கொடுப்பார்கள்.

விஷயம் தடவுகிற விரலில்தான் இருக்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். வெளியூரிலிருந்து யாராவது பார்க்க வந்தால் சுந்தரவல்லி அன்பரசியை அழைத்து, "கையைக் காட்டும்மா" என்பார். அவளும் காட்டுவாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, சாதாரணக் கை. ஆனால் அன்பரசிக்கு உச்சி குளிரும். அவள் அம்மா சந்திரம்மா செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை எடுத்தே அவளை எம்.எஸ்ஸி வரை கொண்டுவந்தவள். அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட்டதில்லை. தன் கையைப் பற்றி நான்கு பேர் நல்லபடியாகப் பேசுவது அன்பரசிக்கு வேண்டியிருந்தது.

இப்போது கழுவுகிற கதைக்கு வருவோம்.

ஒரு குழாய் எடுத்ததும் லைனருக்குள் காரக் கரைசலை ஊற்றி, மூடி, ராத்திரி முழுக்க அடுப்பில் வைத்து, காலையில் நாலைந்து தண்ணீர் அலச வேண்டும் என்பது அந்தக் கூடத்து விதி. போன தடவைப் படிகம் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் அடுத்த குழாய் கெட்டுவிடும் என்று பாடப் புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்ட விதி. பதிவேட்டில் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வரி: தேதி, லைனர் எண், 'காரக் கழுவல்' என்ற கட்டம், சுருக்கொப்பம்.

அடுப்பு ஆறித் திறப்பதற்குள் மணி நாலே முக்கால் ஆகிவிடும். கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக் காரம் ஊற்றித் திருகி ஏற்ற இன்னும் ஒரு மணி நேரம். செய்யூர்ப் பேருந்து ஐந்தரைக்கு. அதை விட்டால் கூவத்தூர் வரை ஒன்று, அங்கிருந்து ஷேர் ஆட்டோ, அதுவும் ஆள் சேர்ந்தால். முதல் மாதம் மூன்று முறை அன்பரசி ஒழுங்காகக் கழுவினாள். நான்காவது முறை வெறும் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டு, பதிவேட்டில் டிக் அடித்துவிட்டுப் பேருந்தைப் பிடித்தாள். மூன்று நாள் பயந்துகொண்டே இருந்தாள். குழாயைத் திறந்து சோதித்தால் குமிழி அசையவே இல்லை. அதற்கு முந்தைய மூன்றையும்விட நன்றாக நின்றது. அதற்கப்புறம் அவள் காரக் கழுவல் பக்கம் போகவில்லை. டிக் மட்டும் தவறாமல் விழுந்தது. கழுவாமல் கழுவினேன் என்று எழுதாத ஆய்வுக்கூடம் உலகத்தில் உண்டா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள். பதில் சொல்ல வேறு ஆள் இல்லாததால் தீர்ப்பு எப்போதும் அவள் பக்கமே வந்தது.

முதல் இருபது நல்ல குழாய்களை வைத்து எழுதிய கட்டுரையை ஒரு வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. 'ஒவ்வொரு முறையும் லைனர்கள் காரத்தில் கழுவப்பட்டன' என்று அதில் ஒரு வரி இருந்தது. அவளே எழுதிய வரி.

ஜூன் மாதம் ஜாய்ஸ் வந்து சேர்ந்தாள். மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் மணமை ஊர்க்காரி. எம்.எஸ்ஸி படித்தவள், மூன்று வயதில் ஒரு பையன். கணவன் ஜெபக்குமார் சிறுசேரியில் கம்பெனி ஆட்களுக்குக் கார் ஓட்டுகிறான். ஆறு மாத ஒப்பந்தம். நவம்பர் கடைசியில் மதிப்பீடு. தேறினால் இரண்டு வருடம் நீட்டிப்பு. அவளுக்கு ஒரே வேலைதான் கொடுத்தார்கள். அன்பரசி செய்கிற மாதிரியே, ஆனால் தன் கையால், வரிசையாக ஆறு நல்ல குழாய் செய்து காட்ட வேண்டும். ஒருத்தி கைக்கு மட்டும் வருகிற சவ்வை எந்த எரிவாயு ஆலையும் வாங்காது.

அன்பரசிதான் கற்றுக்கொடுத்தாள். குறைவைக்காமல் கற்றுக்கொடுத்தாள்: தூளை எப்படி எடுப்பது, விரலை எங்கே தூக்குவது, கரைசலை எத்தனை மணி நேரம் கலக்குவது. கழுவுவதையும் விதிப்படியே சொல்லிக்கொடுத்தாள். 'நான் கழுவுவதில்லை' என்று வந்து ஒரு வாரம் ஆன பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

ஜாய்ஸ் கழுவினாள். தினமும் கழுவினாள். ஆறரை மணி வரை நின்று காரம் ஊற்றித் திருகி ஏற்றிவிட்டு, காலையில் எட்டரைக்கே வந்து அலசினாள். கையுறையின் ஓட்டை வழியே காரம் பட்டு, வலது கையில் இரண்டு விரல் தோல் உரிந்திருந்தது.

"இன்னாத்துக்கு இவ்ளோ நேரம் நிக்கிற? கொய்ந்த தேடாதா?" என்று ஒருநாள் அன்பரசி கேட்டாள்.

"தேடுதுதான் அக்கா. மாமியார் வெச்சிகினு கீது. நான் பாட்டுக்குக் கழுவாம வுட்டு, அதால குழாய் பூட்டா? என் மேல பழி வந்துரும்ல?"

அன்பரசி பேச்சை மாற்றினாள்.

ஜாய்ஸின் குமிழி ஏறியது. ஜூலையில் ஏறியது, ஆகஸ்டில் ஏறியது. பத்துக்கு ஒன்றோ இரண்டோ நின்றது. ஆறு வரிசையாக என்பது கனவில்கூட இல்லை. சுந்தரவல்லி ஒரு யோசனை செய்தார். அன்பரசியே தூளைத் தடவிக் கொடுக்கட்டும், மீதியை ஜாய்ஸ் செய்யட்டும் என்றார். அதுவும் ஏறியது.

"பார்த்தியா, நீ தடவிக் கொடுத்தும் அவ கைக்குப் போனா கெட்டுப்போறது" என்றார் சுந்தரவல்லி. "சில பேருக்குக் கை வராது. அவளைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை."

அப்போதே அன்பரசிக்கு எங்கோ உறுத்தியிருக்க வேண்டும். தடவியது அவள் விரல், கெட்டது குழாய். அப்படியென்றால் விரலில் விஷயம் இல்லை என்றல்லவா ஆகிறது? ஆனால் அவள் அதை நினைத்துப் பார்க்கவில்லை. சுந்தரவல்லி சொன்னதைக் கேட்டு அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பற்றிப் பிற்பாடு நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை என்றால் உலகநாதனுக்குக் கல்யாண வீடு. இரண்டு நாள் முன்பே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். இந்த வருடம் கூடத்தில் இருந்த அடுப்பு, தராசு, உருளை, குழாய்த் தாங்கி எல்லாவற்றையும் துடைத்தார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. எட்டு லைனர்களையும் வரிசையாக எடுத்து, இருப்பதிலேயே கனமான காரத்தை ஊற்றி, ஒரு நாள் முழுக்கக் காய்ச்சி, கொதிக்கிற தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிட்டார்.

"இன்னாமா அன்பு, உன் லைனரு நாலும் எப்டிக் கீது பாரு. புதுப்பொண்ணு மாதிரி பளபளன்னு" என்று காட்டினார். "இன்னா அய்க்கு அதுல! கழுவுறியா, சும்மா முகம் பாக்குறியா?"

அன்பரசி சிரித்து மழுப்பினாள்.

எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பொரி, கடலை, சுண்டல். பதிவேட்டுக்கும் மஞ்சள் தடவி ஒரு பூ வைத்தார்கள். மறுநாள் வேலை தொடங்கும்போது முதல் அடுப்பை அன்பரசி கையால் ஏற்றினார்கள். உள்ளே அவளுடைய குழாய்.

மூன்று நாள் கழித்து அதைச் சோதித்தபோது குமிழி விறுவிறுவென்று ஏறி, கண்ணாடிக் குழலின் உச்சியில் போய் உடைந்தது.

"கண்ணு பட்ருச்சு" என்றார் உலகநாதன். சுந்தரவல்லி பீங்கான் குழாய் வந்த பெட்டியின் ஸ்டிக்கரை எடுத்துப் பார்த்தார். கரைசல் புட்டியின் தேதியைப் பார்த்தார். கடைசியில், உலகநாதன் எலுமிச்சம்பழத்தை அடுப்புக்கு மூன்று சுற்றுச் சுற்றி வெளியே கொண்டுபோய் நசுக்கியதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அடுத்த குழாயில் குமிழி மெதுவாக ஏறியது. அதற்கடுத்ததில் நின்றுவிட்டது. எலுமிச்சம்பழத்துக்கு நல்ல பெயர்.

அன்பரசி மட்டும் அந்தச் சாயங்காலம் ஒரு லைனரை எடுத்து, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தாள். சுவரில் மெல்லிசாக வெள்ளை படிந்திருந்தது. பூஜைக்குப் பிறகு மூன்று குழாய் எடுத்த லைனர். மூன்று முறையும் வெறும் தண்ணீரில் அலசியது. பூஜைக்கு மறுநாள் இந்த வெள்ளை இல்லை. புரிவதற்கு அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய படிகம் சுவரில் ஒட்டியிருக்கிறது. வேகும்போது அது பொடிப்பொடியாக உதிர்ந்து, விரல் தடவ விட்டுப்போன இடங்களில் போய் அடைத்துக்கொள்கிறது. கையெல்லாம் ஒன்றுமில்லை. இத்தனை நாளும் குழாயைக் காப்பாற்றியது அவளுடைய சோம்பேறித்தனம்.

சந்தேகம் தீர மூன்று முறை சோதித்தாள். ஒரே கரைசல், ஒரே விரல். ஒரு லைனர் காரத்தில் கழுவியது, ஒன்று கழுவாதது. மூன்று முறையும் கழுவியதில் ஏறியது, கழுவாததில் நின்றது. நவம்பர் முதல் வாரத்துக்குள் அவளுக்குத் திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது.

தெரிந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பதிவேடு பேசும். பதிவேடு பேசினால் கட்டுரை போகும், கட்டுரை போனால் முனைவர் பட்டம் ஒரு வருடம் தள்ளும், எல்லாவற்றுக்கும் முன்னால் கை போகும். ஜாய்ஸுக்கு மட்டும் எப்படியாவது உதவிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு திங்கள்கிழமை, தன்னுடைய வெள்ளை படிந்த லைனரை ஜாய்ஸின் அலமாரியில் வைத்துவிட்டு, ஜாய்ஸின் லைனரைத் தான் எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை குமிழி நிற்கும், பெண் பிழைத்துக்கொள்வாள், யாரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜாய்ஸ் வந்து நின்றாள்.

"அக்கா, உன் லைனரு மாறி எங்கிட்ட வந்துருச்சு. உள்ள வெள்ளையா இன்னாமோ ஒட்டிகினு இருந்துச்சு. நீ கவனிக்கல போல. நேத்து ஏழு மணி வரைக்கும் இருந்து காரம் போட்டு வெச்சி, காலைல சுத்தமா கழுவிட்டேன். இந்தா."

லைனர் பளிச்சென்று இருந்தது. அன்பரசிக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "தேங்ஸ்டி" என்றாள்.

மதிப்பீட்டுக்கு முந்தைய நாள், மதியம் மூன்று மணிக்கு, சுந்தரவல்லி அன்பரசியைத் தன் அறைக்கு அழைத்தார். மேசையில் ஒரு படிவம் இருந்தது. ஜாய்ஸின் பெயருக்குக் கீழே 'கைத்திறன் போதாது. நீட்டிப்புப் பரிந்துரைக்கப்படவில்லை' என்று சுந்தரவல்லி தன் கையால் எழுதியிருந்தார். அதற்குக் கீழே 'பயிற்சி அளித்தவர்' என்று ஒரு கோடு காலியாக இருந்தது.

"நல்ல பொண்ணுதான். பாவமாத்தான் இருக்கு" என்றார் சுந்தரவல்லி. "நீ ஒரு கையெழுத்துப் போட்டுடு. நாளைக்கு சுப்புராமன் சார் வரும்போது ரெடியா இருக்கணும்."

சுப்புராமன் என்பவர் பணம் கொடுக்கிற அமைப்பிலிருந்து வருகிறவர்.

அன்பரசி பேனாவை எடுத்தாள். எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"மேடம், எனக்கு ஒரு விஷயம் தெரியவந்திருக்கு" என்றாள். அவள் இதை வேறு மாதிரி ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். கண்டுபிடிப்பாகச் சொல்லிவிடுவது என்பதுதான் திட்டம். பூஜைக்கு உலகநாதன் கழுவியது, குழாய் கெட்டது, சந்தேகப்பட்டு மூன்று முறை சோதித்தது என்று கோவையாகச் சொன்னாள். நோட்டைத் திறந்து ஆறு குழாயின் கணக்கையும் காட்டினாள். சொல்லச் சொல்லச் சுந்தரவல்லியின் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

"அப்போ லைனருக்கு ஞாபகம் இருக்குங்கற! பிரமாதம்மா. இதையே ஒரு பேப்பரா எழுதலாமே. ஜாய்ஸ் ஒழுங்கா கழுவினதாலதான் அவளுக்கு வரலை, அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"அடப்பாவமே!" என்று படிவத்தைத் தள்ளி வைத்தார். பிறகு நோட்டை மறுபடி பார்த்தார். முப்பது வருடப் பழக்கம். மலர்ந்த முகம் மலர்ந்தபடி இருக்க, உள்ளே எதுவோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. "சரி, பேப்பர்ல போட்ட அந்த இருபது குழாய்? நீயும் கழுவித்தானே செஞ்சே? அதெல்லாம் எப்படி நின்னுது?"

'தெரியலையே மேடம்' என்று சொல்லியிருக்கலாம். அதையும் அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். சுந்தரவல்லி நம்பியிருப்பார், நம்பத்தான் ஆசைப்பட்டார். வேறு ஏதாவது ஒரு விளக்கத்தை இருவருமே சேர்ந்து உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் அறையின் கண்ணாடி வழியாகக் கூடம் தெரிந்தது. தொட்டியடியில் ஜாய்ஸ், நாளையோடு தனக்கு இங்கே வேலை இல்லை என்பது அரைகுறையாகத் தெரிந்தும், மஞ்சள் கையுறையை மாட்டிக்கொண்டு லைனர் அலசிக்கொண்டிருந்தாள்.

"நான் கழுவல மேடம்."

"எதை?"

"எதையுமே. முதல் மாசம் மூணு தடவ கழுவினதோட சரி. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சுன்னு டிக் மட்டும் அடிச்சிட்டுப் போயிட்டேன்."

சுந்தரவல்லி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டப்போகிறார் என்று அன்பரசி எதிர்பார்த்தாள்.

"ஊர்ல இருக்கறவாளை எல்லாம் கூப்பிட்டு உன் கையைக் காட்டினேனே" என்றார் அவர். "நீ பொய் எழுதினே. அதைவிட அசிங்கம், நான் கையை நம்பினேன்."

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆய்விதழுக்கு மின்னஞ்சல் போயிற்று; கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், திருத்தி மறுபடி அனுப்புவோம். ஆய்வேடு சமர்ப்பிப்பது அடுத்த வருடம். ஜாய்ஸுக்குப் புதுப் படிவம்: மூன்று மாதம் நீட்டிப்பு, கழுவாத லைனரில் ஆறு குழாய் செய்து பார்த்த பிறகு மறு மதிப்பீடு. ஜாய்ஸை உள்ளே கூப்பிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சுந்தரவல்லியே சொன்னார். அன்பரசியை அங்கேயே நிற்க வைத்துக்கொண்டு சொன்னார். ஜாய்ஸ் கையுறையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து, "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

"ரெஜிஸ்டரை இன்னிக்கே சரிபண்ணிடுங்கோ" என்றார் சுந்தரவல்லி.

பதிவேட்டில் தப்பைத் திருத்த ஒரு முறை உண்டு. அடித்து மறைக்கக் கூடாது. தவறின்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, தேதி, திருத்தியவரின் சுருக்கொப்பம், அப்புறம் சாட்சிக் கையெழுத்து. சாட்சி அதே லைனர்களில் வேலை செய்கிற இன்னொருவராக இருக்க வேண்டும். அப்படி அங்கே ஒருத்திதான் இருந்தாள்.

கூடத்து மேசையில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். உலகநாதன் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மொத்தம் நாற்பத்து மூன்று வரி. அன்பரசி முதல் டிக்கின்மேல் கோடு போட்டாள். 'கழுவவில்லை' என்று எழுதினாள். பதிவேட்டைத் திருப்பி ஜாய்ஸ் பக்கம் தள்ளினாள். ஜாய்ஸ் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தள்ளினாள். பேனா பிடிக்கையில் தோல் உரிந்த விரலைக் கொஞ்சம் விலக்கியே பிடித்தாள்.

ஐந்தாறு வரி போன பிறகு ஜாய்ஸ் கேட்டாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"இந்த மாசம் மொதல் வாரம்."

"மூணு வாரமா?"

"ம்."

"மூணு வாரமா நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்?"

"கழுவிகினு இருந்த."

"நீ?"

அன்பரசி அடுத்த டிக்கின்மேல் கோடு போட்டாள். பக்கத்துத் தொட்டியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் பதில். அது ஜாய்ஸுக்கும் தெரியும்.

"அந்த லைனரு மாறி வந்துச்சே, அது தானா மாறலல்ல?"

"இல்ல. நான்தான் வெச்சேன். உனக்கு ஒண்ணாச்சும் நிக்கட்டும்னு."

ஜாய்ஸ் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த வரியில் கையெழுத்துப் போட்டாள்.

"திட்டேண்டி" என்றாள் அன்பரசி. "நாலு வார்த்தை அசிங்கமாத் திட்டு. ஏன் இப்டி உம்முனு கீற?"

"திட்டி இன்னா ஆவப்போவுது? அடுத்த கோடு போடு."

போட்டாள். பதினைந்து, இருபது, முப்பது. செய்யூர்ப் பேருந்து போய்விட்டது. அது போனதைப் பற்றி அவளுக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜாய்ஸ் மட்டும் நடுவில் ஒரு தடவை எழுந்துபோய், வர நேரமாகும், பையனுக்கு இட்லி வாங்கிக் கொடுங்கள் என்று போனில் மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள். கடைசி வரிக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். அன்பரசி பேனாவை மூடினாள். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டாவது கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாய்ஸ் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மேடம், பதினெட்டாவது வரில நீங்க தேதி போடல."

சுந்தரவல்லி வந்துவிட்டாரோ என்று அன்பரசி திரும்பிப் பார்த்தாள். கதவருகில் யாரும் இல்லை.